வாடை தள்ளிய ஐந்து நாள், மறித்த ஆறாம் நாள்

கடற்கரைச் சாலையில் சைக்கிள் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கடலைப் பார்த்துக்கிட்டே போவீங்களா?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புதுச்சேரியிலிருந்து ராமேஸ்வரம் வரை ஆறு நாள், ஏறத்தாழ 470 கிலோமீட்டர். அதில் மிதித்தபடியே கடலைப் பார்த்த தூரத்தைக் கூட்டினால் முப்பது கிலோமீட்டர் தேறாது.

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், அப்புறம் காவிரியின் கிளைகள் என்று ஆற்றுக்கு ஆறு கடலில் விழுகிற கரை இது. பாலங்கள் பெரும்பாலும் முகத்துவாரத்தை விட்டு உள்ளே தள்ளித்தான் இருக்கின்றன. சாலையும் அவற்றைத் தேடி உள்ளே போய்விடுகிறது. கடலோர ஊர் ஒவ்வொன்றும் பிரதான சாலையிலிருந்து கிளை பிரிந்து போகும் முட்டுச்சந்து மாதிரி. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். எனவே வரைபடத்தில் 60 கிலோமீட்டர் என்றால் 70 என்று எழுதிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் முதல் நாளே பரங்கிப்பேட்டைக்கு இறங்கி ஏறி, சிதம்பரம் சேரும்போது இருட்டிவிட்டது.

கூட வந்தவன் என் அக்கா மகன். அவனுக்கு 23, எனக்கு 51. அவனிடம் மெல்லிய டயர் போட்ட புது கியர் சைக்கிள். என்னிடம் யாரோ ஓட்டிச் சலித்து விற்ற ஹைபிரிட். என்னுடையதில் 35 எம்எம் டயர். அவனுடையது 25. இந்தப் பத்து எம்எம் வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவன் போட்ட முதல் திட்டம் நேர்மாறானது. ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி மிதிப்பது. "கடைசி நாள் நம்ம வீட்டுலயே படுக்கலாம், மாமா" என்றான். எனக்கும் சரியென்றுதான் பட்டது. நாகப்பட்டினத்தில் படகு வைத்திருந்த பழைய நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டார். "தை மாசத்துல வடக்கே மிதிக்கப் போறியா? போட்டுல இன்ஜின் வச்சிருக்கவனே யோசிப்பான்."

கடலோரத்தில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். மார்கழி, தை, மாசியில் ஆட்சி வாடையுடையது. வடகிழக்கிலிருந்து விடாமல் வீசும். புதுச்சேரியிலிருந்து தெற்கே போகிறவனுக்கு முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும்; வடக்கே வருகிறவனுக்கு நாள் முழுக்க மேட்டில் ஏறுவது போல. மலையே இல்லாத சாலையில் மேடும் பள்ளமும் காற்றுதான். எனவே திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். ஆனி, ஆடியில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் தெற்கிலிருந்து வடக்கே வாருங்கள். ஆனால் அந்த வெயிலுக்கு நான் பொறுப்பில்லை. ஐப்பசி, கார்த்திகைப் பக்கம் தலைவைக்க வேண்டாம். புயல் காலம்.

தேதி பார்க்கும்போது இன்னொன்றும் பாருங்கள். தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் அறை தேடுவது வீண்வேலை. வேதாரண்யம், கோடியக்கரையிலும் தீர்த்தமாட வரும் கூட்டம் நெரியும். நாங்கள் அமாவாசை கழிந்து, ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். திங்கட்கிழமைக்கும் காரணம் இருக்கிறது. புதுச்சேரி–கடலூர் சாலையில் சனி, ஞாயிறு மாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் நிதானத்தில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. காரைக்கால் எல்லையிலும் அதே கதைதான். சரக்கு விலை மாறுகிற எல்லைகளைக் காலையில் கடந்துவிடுவது சைக்கிள்காரனுக்கு நல்லது.

முதல் நாளில் சொல்ல அதிகமில்லை. கடலூர் வரை நெரிசல், அதற்கப்புறம் தொழிற்சாலை நாற்றம், லாரி. மறுநாள் காலை சிதம்பரத்தில் கொத்சு தொட்டு ஆளுக்கு எட்டு இட்லி சாப்பிட்டதுதான் நினைவில் இருக்கிறது. கத்தரிக்காயைச் சுட்டு மசித்த அந்தக் கொத்சுக்காகவே அங்கே ஒரு இரவு தங்கலாம்.

கொள்ளிடம் தாண்டியதும் உலகம் மாறியது. சம்பா அறுவடை நேரம். சீர்காழியிலிருந்து கிழக்கே கிளைச்சாலைகளில் இறங்கினால், தாரில் பாதி நெல்லுக்கு, மீதிப் பாதி வண்டிக்கு. காய்வதற்குப் பரப்பிய நெல்லின் மேல் மெல்லிய டயர் ஏறினால் என்ன ஆகும் என்பதை மருமகன் செய்து காட்டினான். சைக்கிள் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் சரிந்தது. முழங்கையில் தோல் உரிந்தது. நெல்லுக்குக் காவல் இருந்த பாட்டி ஓடி வந்து, முதலில் நெல்லைத்தான் பார்த்தாள். அப்புறம் அவனைத் தூக்கிவிட்டு, "ஓரமா இறங்கி உருட்டிக்கிட்டுப் போகக் கூடாதா தம்பி" என்றாள். அதுதான் சரியான வழி. நெல்லைக் கண்டால் இறங்கிவிடுங்கள். வைக்கோல் இன்னும் மோசம். கியர்ச் சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு, செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் பின்பக்க டீரெய்லரையே முறித்துவிடும். 'கரக்' என்று சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்த வேண்டும். இன்னொரு மிதி போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. பழைய டூத் பிரஷ் ஒன்றும் சின்னக் கத்தரிக்கோலும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

தரங்கம்பாடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை. 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஊர். கோட்டைக்கு அருகே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பாறைகளைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். டீக்கடையில் வலை கிழிசலை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவரிடம், காற்று எப்படி என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே, "வாடை இன்னும் பத்து நாளைக்கு நிக்கும். நீங்க எந்தப் பக்கம்?" என்றார். ராமேஸ்வரம் என்றேன். "ராம்நாடு வரைக்கும் ராஜா மாதிரி போவீங்க" என்றார். 'வரைக்கும்' என்று ஏன் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நண்டலாறு தாண்டினால் காரைக்கால். அங்கே தங்கல். விடுதியில் அறை கேட்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது, "சைக்கிளை உள்ளே வைக்க விடுவீங்களா?" என்பதுதான். பணம் கட்டியபின் கேட்டால், மாடிப்படிக்குக் கீழே பூட்டுங்கள் என்பார்கள். முதல் நாள் அப்படித்தான் ஆனது. நான் ராத்திரி மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். காரைக்காலில் தரைத்தள அறையாகக் கேட்டு, சக்கரங்களைத் துடைத்துத்தான் உள்ளே கொண்டுவருவோம் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். அதன்பிறகு எங்குமே சிக்கல் வரவில்லை. மண் ஒட்டும் என்பதுதான் அவர்கள் கவலை.

மூன்றாம் நாள் காலை நாகூரில் வாடா சாப்பிட்டோம். அரிசிமாவில் தட்டி, மேலே இறால் பதித்துப் பொரிப்பது. நாகப்பட்டினத்தில் கடுவையாற்றின் ஓரம் படகுகள். 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இதுதான். நண்பரின் வீட்டுக்குப் போனோம். அந்தக் காலையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சங்கரா மீன் குழம்பு போட்டார். காலை பதினொரு மணிக்கு வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு வேளாங்கண்ணி தாண்டி மிதித்தது என் தவறு. வேட்டைக்காரனிருப்புக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன். பகலில் இளநீர், வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், சோறு ராத்திரிக்கு. தை மாதம்தானே, வியர்க்கவில்லையே என்று தண்ணீரைக் குறைத்துவிடுவோம். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தெரிவதில்லை. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிவதைப் பார்த்தபிறகுதான் ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பிரித்தோம்.

வேதாரண்யத்தை நெருங்கும்போது உப்பளங்கள். குவித்த உப்பின் மேல் கீற்று வேய்ந்திருந்தார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்தே வந்து உப்பு அள்ளிய ஊர். சைக்கிளில் வந்து கால் வலிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிரவுதான் செயினைப் பார்த்தேன். மூன்றே நாளில் ஆரஞ்சு நிறம். உப்புக்காற்று அப்படி. எண்ணெயை அப்படியே மேலே விடக் கூடாது. உப்பும் மணலும் சேர்ந்து அரைக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செயினை இரண்டு சுற்றுத் துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மருமகன் அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இதைச் செய்தான். நான் அவனுடைய முழங்கைக்கு மருந்து போட்டேன். கோடியக்கரைக்குப் போய் வெளிமான் பார்க்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டோம். போய்வர ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.

நாலாம் நாள் ஒரு பாடம். வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை மேற்கேதான். ஆனால் நடுவில் சதுப்பும் காயலும் அலையாத்திக் காடும். சாலை வடமேற்கே ஏறித் திருத்துறைப்பூண்டி போய், அங்கிருந்து தென்மேற்கே இறங்குகிறது. ஏறும்போது காற்று வலப்பக்கம் அறைந்தது. ஒன்பது மணிக்கே களைத்துவிட்டோம். திருத்துறைப்பூண்டியில் திரும்பியதும் அதே காற்று அப்படியே முதுகுக்கு வந்தது. அந்த இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் விழுங்கினோம். அன்று ராத்திரி வரைபடத்தை வைத்துக்கொண்டு, மீதிப் பாதையில் சாலை எந்தெந்தத் திசையில் திரும்புகிறது என்று பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். நாங்கள் அதிராம்பட்டினத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ராஜா மாதிரித் தூங்கினோம்.

அதிராம்பட்டினம் தாண்டி வரும் தென்னந்தோப்புகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வரிசை வரிசையாகத் தென்னைகள், பல தோப்புகளில் எல்லாம் ஒரே உயரம். அவற்றுக்கு நடுவே எங்கோ ஒன்றிரண்டு மட்டும் இரட்டை உயரத்தில், கொஞ்சம் சாய்ந்து நிற்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது தப்பியவை அவை. மற்றவை அதற்கப்புறம் நட்டவை. இளநீர் வெட்டிக்கொடுத்தவர், "புதுசு இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு. பழசை வெட்டி எடுக்கவே ஒரு வருஷம் ஆச்சு" என்றார். மனோராவில் ஏறிப் பார்க்கவில்லை. நெப்போலியன் தோற்றதற்குத் தஞ்சாவூர் மன்னர் சரபோஜி கடற்கரையில் கோபுரம் கட்டியிருக்கிறார் என்று சொன்னதும் மருமகன், "அவருக்கு என்ன மாமா வந்துச்சு?" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை.

மீமிசலுக்கு அப்புறம் பச்சை குறைந்து சீமைக்கருவேலம் தொடங்கியது. பத்து எம்எம் வித்தியாசம் என்றேனே, அது இங்கேதான். சாலையோரத்தில் வெட்டிப் போட்ட முள். லாரிக்கு ஒதுங்கினான், பின்சக்கரம் படுத்துவிட்டது. டியூபை மாற்றினோம். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி படுத்தது. டயரைக் கழற்றி உள்பக்கம் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினேன். கடுகளவு ஒரு முனை குத்தியது. வெளியே எதுவும் தெரியவில்லை. முள் ஒடிந்து ரப்பருக்குள் புதைந்திருந்தது. குறடு இல்லை. நகவெட்டியின் முனையால் கெல்லி எடுத்தோம். டியூபை மாற்றும் முன் டயரைத் தடவிப் பார்க்காவிட்டால் எத்தனை டியூப் வைத்திருந்தாலும் போதாது. விரலுக்குப் பதில் பஞ்சோ பழைய துணியோ வைத்துத் தேய்த்தால் நூல் மாட்டும், ரத்தம் வராது.

இரண்டு டியூபும் ஓட்டை. தொண்டிக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடை வரை உருட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் பாய் அழகாக ஒட்டினார். காற்றடிக்க எடுத்தார், பொருந்தவில்லை. மருமகனுடைய சைக்கிளில் பிரெஸ்டா வால்வு, பென்சில் முனை மாதிரி ஒல்லியாக இருக்கும். ஊர் முழுக்க இருக்கும் கம்ப்ரசர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானவை. ஐம்பது ரூபாய்க்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும். வாங்கியும் வைத்திருந்தான். அது வீட்டு மேஜையில் இருந்தது. எங்களிடம் இருந்ததோ சாண் நீளக் கைப்பம்ப். "இந்த வால்வைக் கண்டுபிடிச்சவன் நம்ம ராம்நாடு பக்கம் வந்திருக்க மாட்டான் தம்பி" என்றார் பாய். மருமகன் அடிக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினார். நானூறு அடி. இரண்டு டியூப் ஒட்டியதற்கு எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு டீயும் வாங்கித் தந்தார்.

ஆறாம் நாள். தொண்டியிலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு ராமநாதபுரம். பொங்கல், வடை. இன்னும் 55 கிலோமீட்டர்தான், மதியச் சாப்பாடு ராமேஸ்வரத்தில் என்று மருமகன் வீட்டுக்கு போனில் சொல்லிவிட்டான். ஊரைத் தாண்டியதும் சாலை கிழக்கே திரும்பியது. அப்போதுதான் 'ராம்நாடு வரைக்கும்' என்பதன் பொருள் புரிந்தது.

ஐந்து நாள் எங்களைத் தள்ளிய அதே வாடை இப்போது இடப்பக்க முகத்தில். உச்சிப்புளிக்கு முன்னால் பனைகளின் ஓலையெல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி தென்மேற்கே ஒதுங்கிக் கிடந்தன. மணிக்கு பதினொரு கிலோமீட்டர். காதில் வேறு சத்தமே விழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டோம். முன்னால் போகிறவனுக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொள்வது பக்கக் காற்றில் பலிக்காது. அவனுக்குப் பின்னால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வர வேண்டும். அது நடுச்சாலைக்கு வந்துவிடும் என்பதால் பேருந்து இல்லாத இடங்களில் மட்டும் செய்தோம். ஐந்து நிமிடம் அவன், ஐந்து நிமிடம் நான். கடைசியில் ஐந்து நிமிடம் அவன், இரண்டு நிமிடம் நான்.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி உயரும். பக்கத்தில் 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும். அழகைப் பார்க்கத்தான் எல்லோரும் பாலத்திலேயே வண்டியை நிறுத்துகிறார்கள். அது எங்களுக்கு வினையானது. காற்றுக்கு எதிராக இடப்பக்கம் சாய்ந்து மிதிக்கிறோம். நிறுத்திய வேன் ஒன்றைத் தாண்டும்போது காற்று திடீரென்று அறுந்துபோகிறது. சாய்ந்த உடம்பு சைக்கிளை வேன் மேலேயே கொண்டுபோகிறது. வேன் முடிந்ததும் ஓர் அறை. இப்போது வலப்பக்கம், பேருந்துக்கு முன்னால். இரண்டு வேன் இப்படித் தாண்டியதும் நான் இறங்கிவிட்டேன். மருமகன் இன்னும் கொஞ்ச தூரம் போய், நின்று, திரும்பிப் பார்த்து, அவனும் இறங்கினான். மீதிப் பாலம் முழுக்க ஓரமாக உருட்டிக்கொண்டுதான் போனோம். கௌரவம் பார்க்கிற இடமில்லை அது. அந்த 55 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. மறுபடி போனால் ராமநாதபுரத்தில் ஒரு இரவு தங்கி, விடியலில் காற்று அடங்கியிருக்கும்போதே பாலத்தைத் தாண்டிவிடுவேன்.

மறுநாள் பையெல்லாம் அறையில் போட்டுவிட்டு அரிச்சல்முனை. காலையிலேயே போய்விட வேண்டும். மாலையில் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களைத் தாண்டினால் இருபக்கமும் கடல். வீட்டில் எல்லோரும் கேட்ட அந்தச் சாலை இதுதான். மணல் தாரின் குறுக்கே பாம்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

திரும்புவது ரயிலில். சைக்கிளைப் பார்சலில் போடுவதானால் வண்டி கிளம்ப அரை நாள் முன்னதாகவே போங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, டிவி கடையில் கேட்டு வாங்கிய அட்டையால் கியர்ப் பகுதியைச் சுற்றினோம். பெயரையும் போன் நம்பரையும் இரண்டு இடத்தில் எழுதினோம். எடை போட்டு, சீட்டு ஒட்டி, எல்லாம் முடிந்தது. சுமைதூக்கும் அண்ணன் வந்து பின்டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்தை எறக்கிவிட்ருங்க. வெயில்ல வெடிச்சா நான் பொறுப்பில்ல."

மருமகன் குனிந்து அந்த ஒல்லி வால்வைத் திறந்து அழுத்தினான். புஸ்ஸென்று போனது.

"நானூறு அடி மாமா" என்றான்.